எவ்வளவு சுத்தம் போதும்?

அணுக்கழிவின் ஆபத்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீடிக்கும் என்று நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அது உண்மையானால் பின்வரும் தகவல் நம்மைக் குழப்ப வேண்டும். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில், வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே 1961 முதல் 1988 வரை ஓர் அணு உலை இயங்கியது. இன்று அந்த இடத்தில் கணினி அறிவியல் துறையின் கட்டடம் நிற்கிறது. மாணவர்கள் அங்கே படிக்கிறார்கள், மதிய உணவு சாப்பிடுகிறார்கள். உலையை நிறுத்தியதற்கும் அது இருந்த கட்டடத்தை இடித்ததற்கும் இடையே ஓடியது வெறும் 28 ஆண்டுகள்.

ஆயிரம் ஆண்டுக் கணக்கு எங்கே போயிற்று? “இந்த மண்ணில் இனி யார் வேண்டுமானாலும் நடமாடலாம்” என்று சொன்னது யார்? எதை அளந்து சொன்னார்கள்?

ஓர் உலையை நிறுத்தி, பிரித்து, இடத்தைத் துப்புரவாக்கி, உரிமத்தைத் திருப்பிக் கொடுப்பது வரையிலான முழு வேலையையும் இந்த அத்தியாயத்தில் ‘உலைக் கலைப்பு’ என்று அழைக்கிறேன். ஒரு மின் உலையைக் கலைப்பது பெரிய கதை. பல்கலைக்கழகத்தின் சிறிய உலை நம் கைக்குள் அடங்கும். முழு வேலையையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கண்ணாடிச் சுவருக்குள் ஓர் உலை

1950களின் பிற்பகுதியில் சிகாகோவுக்கு அருகே உள்ள ஆர்கான் ஆய்வகம் மாணவர்களின் பயிற்சிக்கென்றே ஓர் உலையை வடிவமைத்தது. அதற்கு ஆர்கனாட் என்று பெயர். யுரேனியத் தகடுகள், அவற்றைச் சுற்றித் தண்ணீர், அதைச் சுற்றிக் கிராஃபைட் கட்டிகள், எல்லாவற்றுக்கும் வெளியே தடித்த கான்கிரீட் அரண். அவ்வளவுதான். இந்த வடிவம் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. சியாட்டிலுக்கு வந்ததும் இதுவே.

தொடக்கத்தில் அதன் ஆற்றல் 10 கிலோவாட். 1967இல் 100 கிலோவாட்டாக உயர்த்தினார்கள். கூடங்குளத்தின் ஓர் அலகு முழு வீச்சில் ஓடும்போது தரும் வெப்பம் 3,000 மெகாவாட். சியாட்டில் உலையைப் போல 30,000 மடங்கு. அதோடு மின் உலை இரவு பகலாக ஓடும். பயிற்சி உலையோ பாடமும் சோதனையும் இருக்கும் நேரத்தில் மட்டும் ஓடும். ஓர் உலை தன் ஆயுளில் எவ்வளவு கதிரியக்கத்தை உண்டாக்குகிறது என்பது அது எத்தனை ஆற்றலில், எத்தனை நேரம் ஓடியது என்பதைப் பொறுத்தது. நம் புதிருக்கான விடையின் முதல் பகுதி இங்கேயே இருக்கிறது.

அந்த உலைக்குக் கட்டிய கட்டடத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வெண்டெல் லவெட், டேனியல் ஸ்ட்ரைஸ்குத், ஜீன் ஸீமா ஆகிய கட்டடக் கலைஞர்கள் இணைந்து வடிவமைத்தது அது. பூச்சில்லாத கான்கிரீட் சட்டங்களும் பெரிய கண்ணாடிச் சுவர்களும் கொண்டது. வளாகத்தில் நடந்து போகிறவர்கள் வெளியே நின்றபடியே உலைக்கூடத்தைப் பார்க்கலாம். அணுவை மறைக்க வேண்டியதில்லை, மக்கள் பார்க்கட்டும் என்று ஒரு தலைமுறை நம்பியதற்கான சாட்சி அந்தக் கண்ணாடி. இந்தக் கட்டடம் அத்தியாயத்தின் கடைசியில் மறுபடியும் வரும். அங்கே அதுதான் வழக்கே.

எரிபொருள் போன பிறகு எஞ்சுவது

ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீடிக்கும் ஆபத்தில் மிகப் பெரும்பகுதி எரிந்து முடிந்த எரிபொருளில் இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக உலைகளின் எரிபொருள் பொதுவாக அரசின் எரிசக்தித் துறைக்குச் சொந்தம். உலை நின்றதும் அதை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆகவே கலைப்பு வேலை தொடங்குமுன்பே மிகக் கொடியது வளாகத்தை விட்டுப் போய்விடுகிறது. (அது போய்ச் சேரும் இடத்தில் உள்ள சிக்கல் தீர்ந்துவிடவில்லை. அது வேறு அத்தியாயத்துக்கான பொருள்.)

மிஞ்சுவது உலோகமும் கிராஃபைட்டும் கான்கிரீட்டும். இவற்றில் கதிரியக்கம் இரண்டு வழியில் சேரும். ஒன்று, கதிரியக்கத் துகள் மேலே படிவது. இதைக் கதிர்மாசு என்போம். மற்றொன்று, உலையிலிருந்து பாயும் நியூட்ரான் ஒரு பொருளின் அணுக்கருவுக்குள்ளேயே புகுந்து அதைக் கதிரியக்க அணுவாக மாற்றிவிடுவது. இதைக் கதிரேற்றம் என்போம். முதலாவது பாத்திரத்தில் படிந்த கரி, தேய்த்தால் போகும். இரண்டாவது ஊறுகாயில் ஏறிய உப்பு. எத்தனை முறை கழுவினாலும் அது உள்ளேதான் இருக்கும். கதிரேறிய பகுதியை வெட்டி அகற்றுவது ஒன்றே வழி.

கதிரேற்றத்தில் வியப்பான ஒன்று உண்டு. கான்கிரீட்டின் பெரும்பகுதியாக இருக்கும் சிலிக்கனும் கால்சியமும் ஆக்சிஜனும் நீண்டநாள் தொல்லை எதையும் பெரிதாகத் தருவதில்லை. தொல்லை தருவது, மணலோடும் சல்லியோடும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவிலோ அதற்கும் குறைவாகவோ கலந்திருக்கும் யூரோப்பியம் என்ற அரிய உலோகம். நியூட்ரானை விழுங்குவதில் அதற்கு அடங்காத பசி. விழுங்கியதும் அது யூரோப்பியம்-152 ஆகிறது. எஃகுக் கம்பியிலும் ஆணியிலும் கலப்பாக இருக்கும் கோபால்ட், கோபால்ட்-60 ஆகிறது. கட்டும்போது யாரும் பொருட்படுத்தாத கலப்படம், கலைக்கும்போது செலவைத் தீர்மானிக்கிறது.

நியூட்ரான்கள் கான்கிரீட்டுக்குள் வெகுதூரம் போவதில்லை. ஆகவே அரணின் உட்புற ஓரம்தான் கதிரேறியிருக்கும். வெளிப்புறம் சாதாரணக் கான்கிரீட்டாகவே இருக்கும். எந்த ஆழம் வரை கதிரேறியிருக்கிறது என்று துளையிட்டு மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டால், எவ்வளவு கான்கிரீட் கதிரியக்கக் கழிவு, எவ்வளவு வெறும் இடிபாடு என்று பிரித்துவிடலாம். கழிவுக்கிடங்கில் ஒவ்வொரு கன அடிக்கும் விலை உண்டு என்பதால், இந்தக் கோட்டைச் சரியாகப் போடுவதற்குப் பொறியாளர்கள் பெரும்பாடு படுவார்கள்.

காத்திருப்பதன் கணக்கு

கதிரியக்க அணுக்கள் தாமே சிதைந்து குறைகின்றன. பாதியாகக் குறைய ஆகும் காலத்துக்கு அரைவாழ்வு என்று பெயர். கோபால்ட்-60க்கு அது 5.27 ஆண்டு, யூரோப்பியம்-152க்குச் சுமார் 13.5 ஆண்டு.

சியாட்டில் உலை 1988இல் நின்றது. அதைப் பிரித்துத் துப்புரவாக்கிய வேலை நடந்தது 2006ஐ ஒட்டி. இடையே 18 ஆண்டுகள். அதற்குள் கோபால்ட் மூன்று முறைக்கும் சற்று அதிகமாகப் பாதியாகியிருக்கும்: அதாவது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. யூரோப்பியம் அவ்வளவு வேகமாகக் கரையாது. நூற்றுக்கு நாற்பது பங்கு மீதமிருக்கும். உடைக்கப் போகும் தொழிலாளிகளின் உடலில் விழும் கதிர்வீச்சு அந்த அளவுக்குக் குறைந்திருக்கும் என்பது காத்திருந்ததன் லாபம்.

அப்படியானால் நூறாண்டு காத்திருந்தால் என்ன? பலரும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். கலைப்புக்கு அனுமதி தருமுன் செய்யும் சுற்றுச்சூழல் மதிப்பீட்டிலும் ‘ஒன்றும் செய்யாமல் விடுவது’ என்ற மாற்று வழியை எடுத்து ஆராய்ந்தே ஆக வேண்டும் என்பது விதி. நூறாண்டு காத்திருப்பதற்கு எதிரான காரணம் இயற்பியலில் இல்லை, மனிதர்களிடம் இருக்கிறது. சியாட்டிலில் அணுப் பொறியியல் துறையே 1992இல் மூடப்பட்டது. உலையை ஓட்டியவர்கள் ஓய்வுபெறுவார்கள், வேறு ஊர் போவார்கள், இறந்துபோவார்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று நினைவிலிருந்து சொல்ல ஆளிருக்காது. கதிரியக்கம் குறையக் குறைய, அது எங்கே இருக்கிறது என்ற அறிவும் குறைகிறது. என் பார்வையில், சிறிய உலைகளைப் பொறுத்தவரை பத்து இருபது ஆண்டுக்கு மேல் காத்திருப்பதில் லாபத்தைவிட இழப்பே மிகுதி.

பழைய ஏடுகள்

அதனால்தான் கருவியைக் கையில் எடுக்குமுன் உலையின் குறிப்பேடுகளை எடுக்கிறார்கள். என்னென்ன சோதனை நடந்தது, எது கொட்டியது, எது கசிந்தது, எந்த ஓட்டைத் தோண்டி மாற்றினார்கள் என்று வரிவரியாகப் படிக்கிறார்கள்.

சியாட்டிலில் இது சடங்கு அல்ல. 1972இல் ஒரு சோதனையின்போது அங்கே சிறிதளவு புளூட்டோனியம் கசிந்து கூடத்தை மாசுபடுத்தியது. புளூட்டோனியம்-239இன் அரைவாழ்வு 24,100 ஆண்டு. கோபால்ட்டுக்குச் சொன்ன காத்திருப்புக் கணக்கு எதுவும் இதற்குச் செல்லாது. அது வெளியிடுவது ஆல்ஃபா துகள். ஒரு தாள் அதைத் தடுத்துவிடும். தரையின்மேல் ஒரு பூச்சு வர்ணம் அடித்திருந்தால்கூட மேலே கருவியை வைத்துப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஏட்டைப் படித்தவருக்குத்தான் எங்கே சுரண்டிப் பார்க்க வேண்டும் என்று தெரியும்.

இல்லாத ஓர் உழவர்

இப்போது மையக் கேள்விக்கு வருவோம். எவ்வளவு சுத்தம் போதும்?

‘ஒரு கதிரியக்க அணுகூட இருக்கக் கூடாது’ என்று விதிக்க முடியாது. உலையே இல்லாத ஊரிலும் மண்ணில் பொட்டாசியம்-40 இருக்கிறது. ஒரு கிலோ மண்ணில் சராசரியாகச் சுமார் 400 பெக்கரல். ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஓர் அணு சிதைகிறது என்று பொருள். உலகச் சராசரி மனிதர் இயற்கையிடமிருந்து ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு பெறுகிறார். உடலில் விழும் கதிர்வீச்சின் தீங்கை அளக்கும் அலகு அது. தோரியம் கலந்த கன்னியாகுமரிக் கடற்கரை மணலருகே வாழ்கிறவர்கள் இதைவிட அதிகமாகவே பெறுகிறார்கள்.

ஆகவே அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1997இல் கேள்வியைத் திருப்பிப் போட்டது: மிஞ்சியிருக்கும் கதிரியக்கத்தால் அங்கே வாழப்போகும் ஒருவருக்கு, இயற்கைக்கு மேல், ஆண்டுக்கு எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கும்? அது 0.25 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. நியாயமான முயற்சியால் இன்னும் குறைக்க முடிந்தால் குறைக்க வேண்டும். இந்தக் கணக்கை அடுத்த 1,000 ஆண்டுகளுக்குப் போட்டு, மிக மோசமான ஆண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் தொலைந்துபோன ஆயிரம் ஆண்டு இங்கே, சட்டத்துக்குள், உட்கார்ந்திருக்கிறது.

அந்த ‘ஒருவர்’ யார்? கணக்குக்காக ஒரு கற்பனை மனிதரை வைத்திருக்கிறார்கள். உலை இருந்த மண்ணின்மேல் வீடு கட்டிக்கொண்டு, அதே மண்ணில் காய்கறி பயிரிட்டு, மாடு வளர்த்து, கிணற்று நீரைக் குடித்து வாழும் உழவர் அவர். சியாட்டில் வளாகத்தின் நடுவில் யாரும் உழப்போவதில்லை. ஆனாலும் இந்த மனிதரை நான் மதிக்கிறேன். நிலத்தின்மேல் உரிமை கோர இன்னும் பிறக்காத ஒருவருக்காக, அவர் மிக ஏழையாக, மிக நெருக்கமாக அந்த மண்ணைச் சார்ந்து வாழ்வார் என்று எண்ணிக் கணக்குப் போடுகிறார்கள். சுற்றுச்சூழல் சட்டத்தில் இவ்வளவு தெளிவான அக்கறை அரிது.

உழவரின் 0.25 மில்லிசீவர்ட்டை மண்ணின் மொழிக்கு மாற்றினால் ஒவ்வொரு கதிரியக்க அணுவகைக்கும் ஓர் எல்லை கிடைக்கிறது. ஆணையம் வெளியிட்ட அட்டவணையில், மேல்மண்ணில் கோபால்ட்-60 தனியாக இருந்தால் கிலோவுக்குச் சுமார் 140 பெக்கரல். யூரோப்பியம்-152 தனியாக இருந்தால் சுமார் 320. இயற்கையின் பொட்டாசியம் 400 இருக்கும்போது கோபால்ட்டுக்கு ஏன் இத்தனை கஞ்சத்தனம்? பொட்டாசியம்-40 சிதையும்போது நூற்றில் பதினொரு முறைதான் ஊடுருவும் காமா கதிர் வரும். கோபால்ட்-60 ஒவ்வொரு முறை சிதையும்போதும் வலுவான காமா கதிர் இரண்டு வரும்.

ஒரு மாதிரியை எடுத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உலை இருந்த மூலையில் எடுத்த மண்ணில் கிலோவுக்குக் கோபால்ட் 70 பெக்கரல், யூரோப்பியம் 200 பெக்கரல். கோபால்ட்டின் எல்லையில் பாதிதான் இருக்கிறது: 0.50. யூரோப்பியத்தின் எல்லையில் பாதிக்குச் சற்று மேல்: 0.63. தனித்தனியே பார்த்தால் இரண்டும் தேறிவிட்டன. ஆனால் உழவரின் உடலில் இரண்டும் சேர்ந்தல்லவா விழும்? ஆகவே பங்குகளைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டக் கூடாது. 0.50 உடன் 0.63ஐச் சேர்த்தால் 1.13. இந்த மண் தேறவில்லை.

இரண்டு வழி இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தோண்டி அகற்றலாம். அல்லது கோபால்ட்டின் ஓர் அரைவாழ்வுக் காலம், ஐந்தேகால் ஆண்டு, வேலி போட்டுக் காத்திருக்கலாம். அப்போது கோபால்ட்டின் பங்கு 0.25 ஆகிவிடும். யூரோப்பியம் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாகவே இறங்கி 0.48இல் நிற்கும். மொத்தம் 0.73. இப்போது தேறிவிட்டது. வேலிக்கும் காவலுக்கும் ஆகும் செலவு, தோண்டி லாரியில் ஏற்றி அனுப்பும் செலவைவிடக் குறைவா என்பது அடுத்த கணக்கு. பெரும்பாலும் தோண்டுவதே மலிவு.

ஒரு மாதிரி தேறினால் போதாது. தரையையும் சுவரையும் மண்ணையும் கட்டம் கட்டமாகப் பிரித்து அளக்கும் முறையை, அமெரிக்க அரசின் நான்கு அமைப்புகள் சேர்ந்து 1997இல் ஒரு கையேடாக வெளியிட்டன. அதன் அடிப்படை விதி எனக்கு மிகவும் பிடித்தது: இடம் அசுத்தமானது என்றே தொடங்கு, சுத்தம் என்று நிரூபிக்கும் பொறுப்பு அளப்பவருடையது. ஐயம் இருந்தால் உழவருக்குச் சாதகமாகவே தீர்ப்பு.

கதிர்வீச்சு அல்லாதவை

அமெரிக்காவில் 1970 முதல் நடப்பில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம், அரசு அமைப்பு ஒன்று பெரிய அனுமதி எதையும் கொடுக்குமுன் அதன் விளைவுகளை எழுத்தில் ஆராயச் சொல்கிறது. உலைக் கலைப்புக்கு ஆணையம் கொடுக்கும் அனுமதியும் இதில் அடக்கம். பிரிட்டனில் இதற்கென்றே 1999இல் தனி விதிமுறை வந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரி அஸ்கட் ஊருக்கு அருகே 1965 முதல் 2012 வரை ஓட்டிய, இதே 100 கிலோவாட் அளவுள்ள உலையைக் கலைக்கவும் அந்த விதிமுறைப்படி பொதுமக்கள் பார்வைக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை வைக்க வேண்டியிருந்தது.

இத்தகைய அறிக்கைகளைப் படிக்கத் தொடங்குபவர் ஏமாந்துபோவார். கதிர்வீச்சு பற்றிய பகுதி நாம் மேலே பார்த்த கணக்குதான். மற்றவை எந்தக் கட்டட இடிப்புக்கும் பொருந்துபவை: கான்கிரீட் உடைக்கும் இரைச்சல், சிலிக்கா தூசி, பழைய கூரையிலும் குழாயுறையிலும் உள்ள கல்நார், ஈய வர்ணம், மழைநீரோடு ஓடும் சேறு, லாரிப் போக்குவரத்து. சிறிய உலையின் கழிவை ஏற்றிப் போகும் லாரியால் நேரக்கூடிய உயிர்ச்சேதத்தைக் கணக்கிட்டால், கதிர்வீச்சைவிடச் சாலை விபத்துதான் பெரிய ஆபத்தாகத் தெரியும். இதை யாரும் பத்திரிகையின் முதல் பக்கத்தில் எழுதுவதில்லை.

கட்டடமும் சுற்றுச்சூழல்தான்

சியாட்டிலில் கடைசியில் சண்டை மூண்டது கதிர்வீச்சுக்காக அல்ல. உலை போய்விட்டது, கூடம் துப்புரவாகிவிட்டது. வெறுமனே நின்ற கான்கிரீட் கட்டடத்தை இடித்துவிட்டு அந்த மனையைப் பயன்படுத்தப் பல்கலைக்கழகம் திட்டமிட்டது. மாணவர்களும் கட்டடக் கலை ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். 2009இல் அது அமெரிக்க வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பட்டியலில் இடம்பெற்றது. பொதுவாக ஐம்பது ஆண்டு நிறைந்த கட்டடங்களே அந்தப் பட்டியலில் சேரும். இதற்கு அப்போது ஐம்பது நிறையவில்லை. விதிவிலக்கான சிறப்பு உண்டு என்று ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

வாஷிங்டன் மாநிலத்தின் 1971ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தில் காற்று, நீர், மண்ணோடு வரலாற்றுப் பாரம்பரியமும் ஆராய வேண்டியவற்றின் பட்டியலில் உண்டு. ஆகவே இந்தக் கட்டடத்தின் இழப்பும் மதிப்பீட்டுக்குரியதே. ஆனால் இரண்டு இழப்பையும் சட்டம் ஒரே மாதிரி நடத்தவில்லை. மண்ணில் கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டினால் ஆணையம் உரிமத்தை முடித்துத் தராது. வேலை அங்கேயே நிற்கும். பாரம்பரியம் அழிந்தால் அழிகிறது என்று எழுதிவைத்து, மாற்று வழிகளை ஆராய்ந்து, புகைப்படமும் வரைபடமும் எடுத்து ஆவணப்படுத்திவிட்டு இடிக்கலாம். அதற்கு எல்லை எண் எதுவும் இல்லை. எண்ணாக்க முடியாது என்பதற்காக ஒன்றை வெறும் குறிப்போடு விட்டுவிடுவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. கற்பனை உழவருக்குக் கிடைத்த பாதுகாப்பில் ஒரு பங்காவது, கண்ணெதிரே நின்ற அந்தக் கண்ணாடிக் கூடத்துக்கும் கிடைத்திருக்கலாம்.

நகரின் சொந்தச் சின்னப் பாதுகாப்புச் சட்டம் இதைவிடக் கடுமையானது. நவீனக் கட்டடக் கலையைக் காக்கும் டோகோமோமோ அமைப்பின் மேற்கு வாஷிங்டன் கிளை, அந்தச் சட்டத்தின் கீழ் இந்தக் கட்டடத்தைச் சின்னமாக அறிவிக்கக் கோரியது. தாங்கள் மாநில அமைப்பு, நகரச் சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று பல்கலைக்கழகம் நீதிமன்றம் போனது. கீழ் நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. 2016 ஜூலையில் கட்டடம் இடிக்கப்பட்டது. 2017 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றத் தீர்ப்பை மாற்றி, நகரின் சின்னப் பாதுகாப்புச் சட்டம் பல்கலைக்கழகத்துக்கும் செல்லும் என்று கூறிவிட்டது. உலைக் கூடத்துக்கு அது உதவவில்லை. வளாகத்தின் மற்றப் பழைய கட்டடங்களில் ஒன்றை இடிக்க இனி யாராவது நினைத்தால், மாநிலச் சட்டம் கேட்கும் மதிப்பீட்டோடு நகரின் சின்னப் பாதுகாப்பு வாரியத்தையும் சந்தித்தாக வேண்டும்.